இமயத்து ஏரியும் ஐயாற்றுக் குளமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் நாடிச் சென்று வழிபடுதல் சைவ நன்மக்கள் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வரும் நெறியாம். அங்ஙனம் செல்லுமிடத்துக் கால் செல்லும் வழி ஒன்று. கருத்துச் செல்லும் வழி மற்றொன்று. இவ்விரண்டும் பிரியுமாயின் யாத்திரை வெறும் நடையாய் ஒழியும். இவ்வுண்மை ஒரத்தநாட்டு முதியவர் இருவர்க்கு நிகழ்ந்த ஒன்றால் நன்கு விளங்கும்.

ஒரத்தநாடு கல்லணைக் கால்வாய் பாயும் நெல்வயல்களிடையே அமைந்த ஊர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அமைத்த முக்தாம்பாள் சத்திரம், இராமேசுவர யாத்திரை செய்வார்க்கு உணவும் உறையுளும் அளித்தது. தெற்கு நோக்கி வந்தாரை ஓம்பிய அவ்வூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லவேண்டுமென்னும் வேட்கை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்க்கும் அவர்தம் இளமைத் தோழராகிய உழவர் ஒருவர்க்கும் 30 ஆண்டுகளாக இருந்துவந்தது. ஆசிரியர் திருமுறைகளில் வல்லவர்; தோழர் திருவைந்தெழுத்தன்றி வேறொன்றும் ஓதி அறியாதவர்.

அவர்கள் விரும்பியது திருக்கேதாரம். சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே பாடிப் பரவிய அத்தலம் 11,700 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. பனிக்காலத்தில் அத்திருக்கோயில் அடைக்கப்பெற, உற்சவ மூர்த்தி உகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் எழுந்தருளியிருந்து வழிபாடு கொள்வார். சம்பா அறுவடைக்குப் பின்னும் குறுவை உழவிற்கு முன்னுமாகிய பங்குனித் திங்களே உழவர்க்கு ஒழிந்த காலம். கேதாரத்துக் கதவு திறவாத காலமும் அதுவே. ஆதலின் இருவரும் உகிமடத்தை அடைந்து வழிபட்டு, மறுநாள் அணித்தாயுள்ள தேவரியா ஏரியைக் காணப் புறப்பட்டனர்.

சாரி என்னும் சிற்றூரிலிருந்து அவ்வேரிக்குச் செல்லும் மலைவழி ஏறக்குறைய 3 கிலோமீட்டர், கல் பாவியது, நெடுந்தொலைவன்றாயினும் ஏற்றம் மிக்கது. வழியில் பழஞ்சிவன்கோயில் ஒன்று உண்டு. அதற்கு மேல் கருவாலி மரங்கள் செறிந்த காடு. அவற்றிடையே, நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு எனப்படும் மரத்தின் இனமாகிய புராஞ்சு மரங்கள் செக்கச் சிவந்த மலர்க்கொத்துக்களைத் தாங்கி நின்றன. உதிர்ந்த மலர்கள் படிகளிற் பரந்து கிடந்தன. சமநிலத்து வரப்புகளில் நடந்து பழகிய கால்களுக்கு அவ்வேற்றம் கடிதாயிற்று. பாதிக்குமேல் ஏறிய அளவில் தோழர்க்கு மூச்சு முட்டியது. வழியருகே ஒரு கல்லின்மேல் அமர்ந்து, “வாத்தியாரே, நீர் போய்ப் பாரும்; நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார்.

ஆசிரியர் சிறிது தயங்கினார். அப்பரடிகள் கயிலை செல்லுங்கால் உடன்வந்தாரைக் காசியில் விடுத்துத் தாமே தனித்துச் சென்ற வரலாறு அவர் நெஞ்சில் எழுந்தது. கற்றது கைகொடுத்தது என மகிழ்ந்து மேலே நடந்தார். ஆயின் கற்றது அப்பொழுது கைகொடுத்தது அவர்தம் ஆசைக்கே என்பதை அவர் அறிந்திலர்.

ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் புல்வெளி சூழ அமைந்த அவ்வேரி, வானம் தெளிந்த காலையில் சௌகம்பா என்னும் 23,000 அடிக்கு மேற்பட்ட பனிமலையின் நிழலைத் தன்னுள் காட்டும். ஆசிரியர் சென்றபோது மேகம் மலையை மறைத்திருந்தது; நீர் மட்டும் அசைவின்றிக் கிடந்தது. பாண்டவரை இயக்கன் வினவிய நச்சுப்பொய்கை இதுவே என அந்நாட்டார் கூறுவர். தம்பியருள் ஒருவனையே எழுப்பித் தருவேன் என்ற இயக்கனிடம், தன் தாய் வயிற்றுப் பிறந்தாரை விடுத்து, மாத்திரியின் மகன் நகுலனை வேண்டியவன் தருமன். அக்கதையை நினைந்த அளவில் ஆசிரியர்க்கு ஏரியில் கண் நிலைக்கவில்லை. மூச்சு முட்டிய முதியவரை மொழியறியாக் காட்டில் தனியே விடுத்து வந்தது நெஞ்சை உறுத்த, விரைந்து இறங்கினார்.

தோழர் அதே கல்லின்மேல் ஐந்தெழுத்தை உருவேற்றியவாறு இருந்தார். புற்கட்டுச் சுமந்து சென்ற மூதாட்டி ஒருத்தி அவர்க்குத் தண்ணீர் கொடுத்துச் சென்றிருந்தாள். “பார்த்தீரா வாத்தியாரே? நீர் பார்த்தால் நான் பார்த்ததுதான்” என்றார் அவர். ஆசிரியரால் மறுமொழி கூற இயலவில்லை.

அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று இருவரும் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழாவிற்குச் சென்றனர். கயிலைக்குத் தனித்துச் சென்ற அப்பர், கால் தேய, கை தேய, மார்பால் உந்தியும் அம்மலையைக் கண்டிலர். ஆங்கிருந்த பொய்கையில் மூழ்கி ஐயாற்றுக் குளத்தில் எழுந்த பின்னரே காட்சி கிடைத்தது. அப்பொழுது பாடிய பதிகமோ, மலரும் நீரும் சுமந்து செல்லும் அடியவர் பின்னே தாமும் புகுவதாகத் தொடங்குகின்றது. அவர் கண்டவையும் தனித்தவை அல்ல. பிடியொடு களிறு, பேடையொடு குயில், பேடையொடு மயில் என இணை இணையாகவே வந்தன. பல்லாண்டு மாணவர்க்குப் பாடம் சொன்ன அப்பதிகத்தை, ஓதுவார் பாட, ஆசிரியர் அன்றுதான் கேட்டார் எனலாம். காசியில் பிரிந்த செய்தியை எடுத்துக்கொண்டு, ஐயாற்றில் பின்சென்ற செய்தியைத் தாம் மறந்தமை விளங்கிற்று.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் மலம் கழுவுதலை அடுத்து அன்பரொடு கூடுதலை வைத்து, அதன் பின்னரே அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலைக் கூறிற்று. அம்முறைவைப்பு உய்த்துணரற்பாலது. அடியவரைப் பின்னிட்டுத் தீர்த்தத்தை முன்னிடுதல் யான் எனது என்னும் செருக்கின் நுண்ணிய வடிவமே. கல்வி அதற்குச் சான்று தேடிக் கொடுக்குமாயின் அச்செருக்கு இன்னும் வலியதாம்.

விழா முடிந்து கூட்டத்தினூடே திரும்புகையில் தோழர் முழங்கால் நோவால் மெல்ல நடந்தார். முன்னே செல்ல இடமிருந்தும் ஆசிரியர் அவர் பின்னேயே நடந்து வந்தார்.

திருச்சிற்றம்பலம்.