மொட்டை மாடிக்கும் மேலே ஓர் அறை

பாலக்காட்டில் மாசி பிறந்ததும் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். கணவாய் வழியாகக் கோவைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகும். சித்திரையில் 40 டிகிரி என்றால் இங்கே யாரும் வியப்பதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் 41-ஐயும் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடும் நிலை வந்தது. அப்படி ஒரு சித்திரை மதியத்தில், கல்பாத்தி அக்ரகாரத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு மெஷின் ரூமுக்கு ஏறினேன்.

விசுவநாத சுவாமி தேர் ஓடும் தெருக்களில் இன்றும் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள்தாம். பிள்ளைகள் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அந்த நீளமான வீடுகளைக் கட்டிக் காக்க முடியாமல் ஃப்ளாட்டுக்கு மாறிய முதியவர்கள் இந்தப் பக்கம் நிறைய. லிஃப்ட் நின்றால் அவர்களால் கோயிலுக்கும் போக முடியாது, டாக்டரிடமும் போக முடியாது.

மொட்டை மாடியிலிருந்து இரும்பு ஏணி. மேலே நாலு சுவர், ஒரு கான்கிரீட் கூரை; எந்தப் பக்கமும் நிழல் இல்லை. இரண்டு ஜன்னலையும் புறாவுக்குப் பயந்து பிளைவுட் அடித்து மூடியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் காயில் எரிந்து சும்மா கிடந்தது. மூலையில் பழைய பெயின்ட் டப்பாக்கள். மெக்கானிக் தன் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிய தெர்மாமீட்டர் 47 காட்டியது. கன்ட்ரோல் பேனலைத் திறந்தார். அனல் முகத்தில் அறைந்தது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் சின்னத் திரையில் ‘ஓ.ஹெச்’ என்று மின்னிக்கொண்டிருந்தது.

“ஓவர் ஹீட்டுங்க. ரெண்டு மணிக்கு மேல டிரிப் ஆகும், பொழுது சாஞ்சா தானா ஓடும். நாங்க வர்றப்ப நல்லா ஓடிட்டிருக்கும். ஒண்ணும் பாக்காம கையெழுத்து வாங்கிட்டுப் போறான்னு பேச்சு கேக்கணுங்க,” என்றார் பொள்ளாச்சிக்காரரான அவர்.

மெஷின் ரூம் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது லிஃப்ட் தொழிலில் பொதுவான கணக்கு. ஆனால் வெயில் மட்டுமா சூடு தருகிறது? மோட்டார் சூடு தரும். காலியான லிஃப்ட் மேலே போகும்போதும், ஆள் நிறைந்து கீழே இறங்கும்போதும் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும். பெரும்பாலான லிஃப்டுகளில் அது ரெசிஸ்டர் பெட்டியில் சூடாக எரிந்து அதே அறைக்குள் கலக்கும். பத்து டிகிரி கூடினால் டிரைவில் உள்ள கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் பேட்டரிக்கும் அதே கதிதான். கியர் ஆயில் இளகி சீல் வழியே கசியும். பிரேக் காயில் சூடேறினால் அதன் இழுவை குறையும். பிரேக் முழுதாக விடாமல் லைனிங் உரசும். அந்தத் தீய்ந்த வாசனையை அவர் வாசலிலேயே பிடித்துவிட்டார்.

குளிரும் சும்மா விடுவதில்லை. இவர் மூணாறுக்கும் வேலைக்குப் போகிறவர். மார்கழி, தையில் அங்கே உறைபனி விழும். “ஆயில் கெட்டியாகி, காலைல முதல் ஓட்டத்துல தளத்துக்குச் சரியா நிக்காதுங்க. மூடுபனி ஈரம் ரிலேயில உக்காந்துக்கும். பேனலுக்குள்ள ஒரு குண்டு பல்ப எரிய விட்டுட்டு வருவோம்.”

மெஷின் ரூம் கதவைத் திறந்து வைத்து, சற்று ஆறியதும் ரீசெட் செய்தார். லிஃப்ட் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி டிரிப், கூடவே அலாரம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு மாமி.

“மாமி, கதவைத் தொடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடலாம்,” என்று இன்டர்காமில் சொன்னார்.

“நான் இருந்துக்கறேன். நீ பதறாமெ பண்ணு, கொழந்தே,” என்றது குரல்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். ஹெல்ப்பர் பையன் பிரேக் லீவரைப் பிடித்தான். இவர் மோட்டார் தலையில் உள்ள சக்கரத்தைப் பிடித்தார். உள்ளே ஒருவர்தான் என்பதால் ரோப்பின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையே கனம். மேல்நோக்கித் திருப்புவதுதான் சுலபம். லீவரை அமுக்கு, கால் சுற்று, விடு. மறுபடி அமுக்கு. கண்ணுக்குள் வழியும் வேர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. பார்வை முழுதும் ரோப்பில் அடித்த மஞ்சள் பெயின்ட் அடையாளத்தின் மேல். அது சரியான இடத்துக்கு வந்தால் பெட்டி தளத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது. பையன் கீழே ஓடிக் கதவைத் திறந்துவிட்டான்.

கோடையில் திறந்த வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு தரவேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது, நல்ல உத்தரவு. ஆனால் மெஷின் ரூமுக்குக் கூரை இருக்கிறது. வெளியைவிட அதிகம் கொதிக்கும் அறையில் நிற்கிறவனை அந்த உத்தரவின் வாசகம் கணக்கில் எடுப்பதில்லை. இது சரியல்ல. லிஃப்ட் மெக்கானிக்குகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

குடியிருப்புச் சங்கங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. பிளைவுட்டைக் கழற்றி, புறா நுழையாத வலை அடித்த லூவர் வையுங்கள். கூரைக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடியுங்கள். பழைய சாமான்களை அப்புறப்படுத்துங்கள். லிஃப்ட் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; மதியமே நிற்கிறதென்றால் மெக்கானிக்கைத் திட்டுமுன் அறையின் சூட்டைப் பாருங்கள். எரிந்த எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்ற அடுத்த பொதுக்குழு வரை காத்திருக்காதீர்கள்.