மருமகனுக்கு ஒரு வண்டி, எனக்கு ஒரு வண்டி

எங்கள் ஆய்க்குடியில் தார் ரோட்டுக்குக் குறைவில்லை. மேற்கே தென்காசி, கிழக்கே சாம்பவர் வடகரை, சுரண்டை என்று பஸ் ஓடும் சாலைதான். ஆனால் அந்தச் சாலையை விட்டு நூறடி இறங்கினால் வேறு உலகம். வாய்க்கால் கரை, குளத்துக்கரை, தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை. வெயில் காலத்தில் புழுதி, ஐப்பசியில் சகதி. இங்கே வயலோ தோப்போ வைத்திருப்பவருக்கு ஒரே வண்டி இரண்டு பாதைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

சென்ற வருடம் என் தங்கை மகன் வந்து, "மாமா, பழைய வண்டிய மாத்தணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்டான். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை அவனுக்கு. காலையில் இருபது கிலோமீட்டர் நல்ல ரோடு, அதற்குமேல் ஒவ்வொரு காற்றாடிக்கும் சரளைக்கல் பாதை. எனக்கும் அப்போது வண்டி மாற்றவேண்டிய நேரம். ஆகவே இரண்டு பேருமாகச் சேர்ந்து விசாரிக்க ஆரம்பித்தோம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. தபால் துறையில் நான் மெயில் ஓவர்சியராக இருந்தவன். கிளை அஞ்சலகங்களைப் பார்வையிட முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் 50. 1980-இல் வந்த அந்தக் குட்டி வண்டி போகாத வரப்பு நம் மாவட்டத்தில் கிடையாது. பால் கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு குளத்துக்கரையில் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். சிக்கினால் ஒரு ஆள் தூக்கி எடுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவிலும் தபால்காரர்கள் பல்லாண்டு காலம் ஹோண்டா சிடி 110 என்ற சின்ன வண்டியில்தான் கடிதம் கொண்டுபோனார்கள். அங்குள்ள பண்ணைக்காரர்களும் அதே வகையை மண்பாதைக்கு வைத்துக்கொண்டார்கள். எடை குறைவு என்பது எந்த தேசத்துச் சகதிக்கும் பொருந்துகிற சங்கதி.

சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான மோட்டார் சைக்கிள் என்பதைப் பெரிய அளவில் விற்றுக் காட்டியது யமஹாவின் டிடி-1, 1968-இல். நம் நாட்டில் அந்த வகை மெதுவாகத்தான் வந்தது. 2011-இல் ஹீரோ 'இம்பல்ஸ்' வந்தது. நல்ல வண்டி, ஆனால் அதிகம் விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். 2016-இல் ராயல் என்ஃபீல்டு 'ஹிமாலயன்', 2019-இல் ஹீரோ 'எக்ஸ்பல்ஸ் 200' வந்தபிறகுதான் நம் பக்கத்துப் பையன்கள் இதைப் பற்றிப் பேசவே தொடங்கினார்கள்.

இந்த வண்டிகள் ஏன் கொக்கு மாதிரி உயரமாக நிற்கின்றன என்று என் மனைவி கேட்டாள். காரணம் இருக்கிறது. முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாக ஏறிக் கடக்கும். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. வரப்பில் ஏறி இறங்கும்போது என்ஜின் இடிக்காது. எக்ஸ்பல்ஸில் சைலன்சர் மேலே தூக்கி இருக்கும், வாய்க்காலைக் கடந்தால் தண்ணீர் புகாது. முன் மட்கார்டும் சக்கரத்தை விட்டு உயரத்தில் இருக்கும். அந்த இடைவெளியின் அருமை குளத்துக் கரம்பை மண்ணில் வண்டி ஓட்டியவருக்குத் தெரியும். சாதாரண வண்டியில் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியை எடுத்து நோண்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

இவ்வளவு வசதிக்கும் ஒரு விலை உண்டு: இருக்கை உயரம். எக்ஸ்பல்ஸில் சுமார் 825 மில்லிமீட்டர். பழைய ஹிமாலயன் 800 தான், ஆனால் எடை 200 கிலோவை ஒட்டி. எக்ஸ்பல்ஸ் எடை 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் இந்த எண்களைப் படிப்பதற்கும் குளத்துக்கரையில் அவற்றோடு நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. தார் ரோட்டில் நுனிக்கால் ஊன்றினால் போதும். மண்பாதையில் காலை ஊன்றப்போகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். கால் எட்டவில்லை என்றால் வண்டி சாய்ந்துவிடும். மண்பாதையில் ஓட்டுகிற எவர் வண்டியும் ஒருநாள் சாயத்தான் செய்யும். அப்போது தூக்க வேண்டும்.

ஆகவே ஒரு பரீட்சை வைத்தோம். தெரிந்தவர்களிடம் இரண்டு வண்டிகளையும் இரவல் வாங்கி, தோப்பில் வைக்கோல் பரப்பி, மெதுவாகப் படுக்க வைத்தோம். இதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையில் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால் பலத்தால் பின்னோக்கி நடந்தபடி நிமிர்த்த வேண்டும். மருமகன் எக்ஸ்பல்ஸை ஒரே மூச்சில் நிமிர்த்தினான். ஹிமாலயனைத் தூக்க அவனுக்கே மூச்சு வாங்கியது. நான் எக்ஸ்பல்ஸை இரண்டாம் தடவையில் தூக்கினேன். ஹிமாலயன் அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு வயது 67. தோப்பில் சாயங்கால வேளையில் உதவிக்குக் கூப்பிட ஆள் இருக்காது.

அந்தச் சாயங்காலமே மருமகனின் வண்டி முடிவாகிவிட்டது: எக்ஸ்பல்ஸ். அவனிடம் நான் வற்புறுத்திச் சொன்னது வேறு விஷயம். இந்த வகை வண்டி வாங்கும் பையன்கள் அடுத்த வாரமே சைலன்சரை மாற்றுவார்கள், இண்டிகேட்டரைக் கழற்றுவார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். கவாஸாகி கேஎக்ஸ் மாதிரியான பந்தய வண்டிகளுக்கு நம்பரே கிடையாது. ரோட்டில் ஏற்ற முடியாது. இன்னொன்றும் சொன்னேன்: "குத்தால மலையைப் பாத்து வண்டிய விட்டுறாதய்யா. அது காப்புக்காடு. மண்பாதைன்னா நம்ம ஊர்க் குளத்துக்கரைதான்."

என் வண்டி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. எக்ஸ்பல்ஸை என்னால் தூக்க முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை என் மனைவியைத் தென்காசிக்கு சர்க்கரை பரிசோதனைக்கு அழைத்துப் போகவேண்டும். புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவள். வலது முழங்காலில் வலி. பின் இருக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு ஏணி ஒண்ணும் சேத்துத் தருவாங்களா?" என்றாள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இவை இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. ஆனால் ஏறுகிறவரின் முழங்காலுக்கு எந்த விதியிலும் இடமில்லை.

எக்ஸ்எல் 100 வாங்கலாமா என்றும் பார்த்தேன். 90 கிலோவுக்குக் குறைவு; தோப்புக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று எதிரே அடிக்க, பின்னால் லாரி ஹாரன் கொடுக்க, இருவருமாக அதில் தென்காசி போவதற்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியில் வாங்கியது ஸ்ப்ளெண்டர். எடை 112 கிலோ, இருக்கை 785 மில்லிமீட்டர். இரண்டு காலும் முழுசாக ஊன்றுகிறது. பின்சக்கரத்துக்கு மட்டும் அதே அளவில் பாதி பட்டன் டயர் போட்டுக்கொண்டேன். முழு பட்டன் டயர் சகதிக்கு நல்லது. ஆனால் சாரலில் நனைந்த தார் ரோட்டில் அதற்குப் பிடிமானம் குறைவு, சத்தம் வேறு. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் இதை யோசித்தே ஆகவேண்டும்.

ஐப்பசியில் குளத்துக்கரை குழம்பிக் கிடக்கும்போது கடைசி இருநூறு அடிக்கு இந்த வண்டி போகாது. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்துவிடுகிறோம். அந்த இருநூறு அடிக்காக மீதி நாளெல்லாம் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வண்டி எனக்கு எதற்கு? மருமகனுக்கு அந்தச் சரளைப் பாதைதான் பிழைப்பு. அவன் கணக்கு வேறு.

இந்த வயதில் வண்டி வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். நீங்கள் தினமும் போகும் வழியில் மோசமான இடம் எது என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் கால் ஊன்றுமா, விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா என்று பாருங்கள். கடைக்குப் போகும்போது மறக்காமல் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின் இருக்கையில் ஒரு தடவை உட்காரச் சொல்லிவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.