தனிவழிப் பயணம்

அரபி மொழியில் பயணத்திற்கு ‘ஸஃபர்’ என்று பெயர். திரை விலகுதல் என்னும் பொருளும் அவ்வேர்ச்சொல்லுக்கு உண்டு. மனிதரின் இயல்பை வெளிப்படுத்துவதாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்பர் அறிஞர். உடன் வருவோரின் இயல்பையே அது காட்டும் என்று பல்லாண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்தோம்.

சென்ற மாதம் மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் தனியே புறப்பட்டோம். இரவில் தனித்துச் செல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை; ஆதலின் சுபுஹு தொழுத பின்னரே கிளம்பினோம். அடையாறும் திருவான்மியூரும் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டு நீர்ப்பரப்பைக் கண்டதும் மனம் விரிந்தது. கோவளம் தர்காவில் ஸியாரத் முடித்துத் திரும்புகையில் பின்சக்கரம் பஞ்சராயிற்று. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

“கிளம்பும்போதே சொல்லியிருக்கலாகாதா?” என்று சினந்து திரும்பினோம். பின்னால் எவரும் இல்லை!

மனைவியாருடன் சென்ற நாள்களில், சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டியவர் நாம். ஏச்சுக் கேட்டவர் அவர். முப்பது ஆண்டுகள் அவர் மௌனமாக ஏற்றதை, வண்டியைத் தள்ளிச் சென்ற தூரமெல்லாம் எண்ணி நாணினோம்.

1325ஆம் ஆண்டு தாஞ்சியர் நகரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்ட இப்னு பதூதா, பின்னாளில் நம் மதுரை வரை வந்தார், உலகைக் கண்டார். நாமோ நாற்பது கிலோமீட்டருக்குள் நம்மையே கண்டோம். பழி போட ஆளில்லாத பாதையில்தான் அந்தத் திரை விலகிற்று.

லுஹர் வேளையில் வீடு சேர்ந்தோம்.

“ஏங்க இவ்வளவு நேரம்?” என்றார்.

“சக்கரத்தைப் பார்க்காமல் போனது என் தவறு” என்றோம்.

அவர் வியப்புடன் நம்மை நிமிர்ந்து பார்த்தார்.