பாருக்குப் போகும் வழி

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊர். நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர், வகுப்பில் அடிக்கடி தூங்கிவிழும் மாணவன் ஒருவனை விசாரித்திருக்கிறார். இரவெல்லாம் அப்பாவோடு கடலில் தங்கித் தூண்டில் போட்டுவிட்டு, காலையில் மீனை ஏலத்துக்கு விட்டபின் பஸ் பிடித்து வருகிறவன் என்று தெரிந்தது. "ஒருதடவை அவங்களோட போயிட்டு வாங்க" என்றார் நண்பர். மாசி மாதத்து இருட்டில் போனேன். ஆனி ஆடியாக இருந்தால் என்னைப் போன்றவனை வள்ளத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

பாரதிராஜா படங்களில் பார்த்த முட்டத்துப் பாறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இந்த ஊரில் இருப்பது கொஞ்சம் மணல், கடலரிப்புக்காகக் கல் கொட்டிய தூண்டில் வளைவு, அதன் நிழலில் வரிசையாக ஏற்றி வைத்த ஃபைபர் வள்ளங்கள். அப்பாவின் அப்பா கட்டுமரத்தில் போனவர். 1980களின் தொடக்கத்தில் பியர் ஜிலே என்ற பெல்ஜியக்காரர் முட்டத்தில் மீனவர்களோடு உட்கார்ந்து, அலையைத் தாண்டி இறக்கக்கூடிய ப்ளைவுட் படகு செய்து பார்த்தார். ஃபைபர் அதற்குப் பிறகு வந்தது. படகின் உடல் மாறியதே தவிர, அலையைத் தாண்டும் வேலை மாறவில்லை. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்து உடைந்ததும் கடல் சற்று இளகும். அந்த இளக்கத்துக்காக மகன் அணியத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றான். அப்பா பின்தலையில், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவுட்போர்டு எஞ்சினின் கயிற்றில் கை வைத்திருந்தார். "தள்ளுலே!" என்றதும் தள்ளி, ஏறி, அலையைத் தாண்டியாகிவிட்டது. எஞ்சினைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கரை ஒரு விளக்கு வரிசையாகச் சுருங்கியபின், எவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று கேட்டேன்.

"தூரம் எதுக்கு சாரே? அந்தா, கோயில் கோபுரத்து லைட்டு. அதுக்குப் பின்னால மேட்டுல ஒரு செவப்பு லைட்டு நிக்கா? அது செல்போன் டவரு. இப்பம் ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்கி. ஒண்ணுக்கு மேல ஒண்ணு வரணும்."

வள்ளம் மெல்ல நகர நகர, கிட்டத்திலுள்ள கோபுர விளக்கு இடம்பெயர்ந்து, எட்டத்திலுள்ள சிவப்பு விளக்கின் நேர்கீழே போய் நின்றது. அது ஒரு கோடு. அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டே இன்னும் போனோம். இப்போது அவர் பார்த்தது பக்கவாட்டில்: சுழன்று வரும் முட்டம் கலங்கரை விளக்கமும் அதற்கு முன்னால் ஒரு வெள்ளை விளக்கும். அவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபோது எஞ்சினை அணைத்தார். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர்கீழே பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு. இந்தக் குறிப்புகளைக் கணியம் என்கிறார்கள். பகலில் கணியம் வேறு. மலை முகடு பின்குறி, கோபுரமோ தென்னையோ முன்குறி. தென்னை விழுந்தால் புதுக்குறி தேட வேண்டும்.

மகன் ஈயக்கட்டியை இறக்கினான். கயிற்றை இரு கைகளையும் விரித்த அளவில் பாகம் பாகமாக எண்ணினான். மணலில் விழுந்தால் கையில் ஒன்றும் தெரியாது, கல்லில் விழுந்தால் சுண்டும் என்று என் கையில் கயிற்றைக் கொடுத்தான். சுண்டியது. சுற்றிலும் எந்த அடையாளமும் இல்லாத கருப்புத் தண்ணீரில், ஒரு வீட்டுக் கூரை அகலமுள்ள கல்லின்மேல் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் அந்த மனிதர். பொறியியல் கல்லூரிகளில் இதற்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

நங்கூரம் போட்டபின் நடந்ததில் பாதிக்குமேல் எனக்குத் தெரியாது. குமட்டல். கலவாய் மீனும் பாரை மீனும் அவ்வப்போது வள்ளத்துக்குள் விழுந்து துடித்த சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்சம் தெளிந்தபோது அப்பா ஒக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2017 நவம்பர் 29 மாலை, இதேபோல் தங்கலுக்குத்தான் வந்திருக்கிறார். மறுநாள் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் திரும்பவில்லை. இவர் கரைக்கு ஓரளவு கிட்டத்தில்தான் இருந்தார். ஆனால் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து மாவட்டமே இருண்டிருந்தது.

"காத்தைவிட அதுதான் சாரே பயம். கரையில ஒரு லைட்டு இல்ல. மழையில வெளக்குமேடும் தெரியல்ல. ஊரு எந்தப் பக்கம்னே தெரியல்ல. விடிஞ்ச பெறவு மலையைக் கண்டுதான் வந்து சேர்ந்தது."

அப்படியானால் ஜிபிஎஸ் வைத்துக்கொள்ளலாமே? வைத்திருக்கிறார். பழைய கைக்கருவி ஒன்று, மகனின் செல்போன் ஒன்று. கரைக்குத் திரும்ப அதைத்தான் பார்க்கிறார். பாரை மட்டும் அதில் பதிய விடமாட்டார். வயதானவரின் பிடிவாதம் இல்லை இது. பாருக்குச் சற்றுத் தள்ளி, தேங்காய் பறித்த கொலஞ்சில்களையும் ஓலையையும் மணல்மூட்டையோடு கட்டி இவர்களே இறக்கிய இடம் ஒன்று இருக்கிறது. கணவாய் அங்கே முட்டையிட வரும். விடியற்காலையில் அதைத் தூண்டிலில் பிடிப்பார்கள். மிதவை கட்டவில்லை. மிதவை கட்டுவது ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம். ஜிபிஎஸ் எண்ணும் அப்படித்தான். ஒருமுறை வாய் தவறினால் யாரும் குறித்துக்கொள்ளலாம். கணியத்தைத் திருட வேண்டுமானால் இவரோடு வள்ளத்தில் உட்கார்ந்து வர வேண்டும். மகன் பதினோராம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து வருகிறான். அந்தக் குடும்பத்தில் சொத்து என்று மகனுக்குப் போவது இதுதான்.

காலையில் கரையேறியதும் அந்தச் சொத்து ஏலக்காரரின் காலடியில் போய் விழுந்தது. கணவாயைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் மணலில் தட்டினார்கள். கடவத்தோடு வந்த பெண்கள் இரண்டு மூன்று கேள்வியோடு விலகிக்கொண்டார்கள். கணவாய் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும் சரக்கு. அதைக் கேட்க அங்கே ஒரே ஒரு வியாபாரிதான் நின்றார். ஏலக்காரரும் அவரும் ஒரே பைக்கில் வந்தவர்கள்.

மொத்தம் 4,600 ரூபாய். ஏலக்காரருக்கு நூற்றுக்குப் பத்து, 460 ரூபாய். மண்ணெண்ணெய், பெட்ரோல், இரை, ஐஸ் எல்லாம் 1,900. மிச்சம் 2,240. இரண்டு பேர் உழைப்பு, ஒரு வள்ளத்தின் தேய்மானம், ஒரு இரவு.

எஞ்சின் வாங்க ஏலக்காரர் கொடுத்த கடனுக்கு வட்டி கிடையாது. அதுதான் அந்தக் கடனின் விஷம். வட்டி வாங்குகிறவனிடம் என்றாவது கணக்குத் தீர்க்கலாம். இவரோ மீன் விற்கும் உரிமையையே அடகு பிடித்திருக்கிறார். எடுக்கும் பத்து ரூபாய் அசலிலும் கழியாது. எவ்வளவு அதிகம் பிடித்தாலும் அவ்வளவு அதிகம் அவருக்கு. கடலில் கால் நனைக்காத ஒருவர் கடலில் இறங்கும் ஒவ்வொரு வள்ளத்திலும் பங்காளி. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1970களிலேயே திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் மீனவர்கள் சங்கம் கட்டி, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். அந்த வழியில் வளர்ந்த சங்கங்கள் குமரி மாவட்டத்திலும் உண்டு. நீங்கள் ஏன் சேரவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சேரணும்னா மொதல்ல இவருக்க கடனை அடைக்கணும். போன வருசம் மகளை ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்பம் துட்டு தந்ததும் இவருதான் சாரே."

என் பிரசங்கம் அதோடு நின்றது.

வலைகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஏலக்காரர் மகனைத் தனியே அழைத்தார். அவருக்கு இழுவைமடி போட்டிலும் பங்கு உண்டு. கணவாய் வரும் அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைத் தந்தால் கடனில் கணிசமாகக் கழிக்கிறேன் என்று பல மாதங்களாகக் கேட்கிறாராம். பையன் போனைத் திறந்து எதையோ வாசித்தான், அவர் குறித்துக்கொண்டார். அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் பைக் போனதும், "லேய், என்ன எளவுலே சொன்னே?" என்றார்.

"அது பழைய போட்டு முங்கிக் கெடக்கிய எடம் அப்பா. மடியைப் போட்டா கிழிஞ்சிட்டுத்தான் வரும்."

அப்பா சிரிக்கவில்லை. "கிழிஞ்சா, அந்த மடிக்க வெலையையும் நம்ம கணக்குலதானே எழுதுவான் மக்கா" என்றார்.