வீல்ஹவுஸ் கண்ணாடியில் மழை

மழை இரவு என்றால் எனக்குப் பயம். ஆழ்கடலுக்கு விசைப்படகு ஓட்டுகிறவன் இதை வெளியில் சொல்லக்கூடாது. காற்றுக்குப் பயப்படலாம், அலைக்குப் பயப்படலாம், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. முன்கண்ணாடியில் தண்ணீர் வழிகிறபோது வயிற்றைப் பிசைகிறது என்று ஒரு டிரைவர் சொன்னால் துறைமுகமே சிரிக்கும். அதனால் நான் சொன்னதில்லை. கண்ணாடி துடைப்பதில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவன் என்றுதான் படகில் உள்ளவர்கள் என்னை நினைத்திருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கொச்சியிலிருந்து மேற்கே போகிற படகு, கப்பல் போகும் பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ‘ஓஷியானிக்’ படகில் கப்பல் இடித்தபோது, அதில் எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைப் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது, கப்பல்கள் அனுப்பும் அடையாளத்தைப் பிடித்துக் காட்டுகிற ஏ.ஐ.எஸ். திரையில் கப்பல் தெரிகிறது, சரி. ஒற்றை பல்பைக் கட்டிக்கொண்டு வலை விரித்துக் கிடக்கிற ஃபைபர் வள்ளம் அதில் தெரியாது. 1972-இன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் பார்த்துக்கொண்டே போ என்கிறது. பார்க்கலாம்தான், கண்ணாடி விட்டால்.

மழைநீர் விரட்டும் திரவத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது மச்சான். அவர் கொச்சியில் சுற்றுலா ஸ்பீட் போட் ஓட்டுகிறார். “பூசிப் பாருங்க மச்சான், வைப்பரே வேண்டாம்” என்றார். அவர் படகில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். துளிகள் கண்ணாடியில் உட்காரவே இல்லை, ஓரத்துக்கு ஓடிப் பறந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் படகில் பூசினோம். உப்பு போகக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, நிழலில் வைத்துப் பூச வேண்டும். அடியில் உப்பு இருந்தால் ஒட்டாது. பகல் மழையில் நன்றாகவே இருந்தது. இரவில் கதை வேறு. கண்ணாடி முழுக்க உருண்டை உருண்டையாகத் துளிகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். டெக் விளக்கின் வெளிச்சம் அத்தனையிலும் பட்டுச் சிதறியது. தூரத்தில் தெரிந்த ஒரு விளக்கு, கப்பலா வள்ளமா என்று பிரித்தறிய முடியாதபடி நூறாகிவிட்டது.

ஏன் என்று பிறகு புரிந்துகொண்டேன். கண்ணாடிக்குத் தண்ணீர் பிடிக்கும். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவி மெல்லிய ஏடாகிவிடும். திரவத்தில் இருக்கிற சிலிக்கோன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அந்தப் பிடிப்பை அறுக்கிறது. துளி கண்ணாடியைத் தொடுகிற கோணம் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போகும். சேம்பு இலையில் அது 150-ஐத் தாண்டும், அதனால்தான் இலை சற்றுச் சாய்ந்தாலே துளி ஓடிவிடுகிறது. கண்ணாடித் துளிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தன் கனத்தில் இறங்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும், அல்லது காற்று தள்ள வேண்டும். காரில் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டித்தான் துளிகள் மேலேறி ஓடத் தொடங்கும். மச்சானின் படகு 25 நாட் போகும், எதிர்க்காற்றும் சேர்ந்தால் போதும். எங்கள் படகு 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். தூண்டில் கயிறு இழுக்கும்போது அதுவும் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியப்பா, மழை வந்தால் பீடியைப் பிரித்துத் தூளை ஈரக் கண்ணாடியில் தேய்ப்பார். லாரிக்காரர்களும் செய்வதுதான். அது திரவத்துக்கு நேர் எதிரான வேலை: துளியை உடைத்துத் தண்ணீரைச் சமமாகப் பரப்பும். பரந்த தண்ணீர் வழியாக வெளிச்சம் சிதறாமல் வரும். மெல்லப் போகிற படகுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. கொட்டுகிற மழையில் சீக்கிரம் கரைந்துபோகும், திரும்பத் தேய்க்க வேண்டும். ஷாம்பூ தொட்டுத் தேய்த்தாலும் இதே கதை. ஆனால் சிலிக்கோன் பூசிய கண்ணாடியில் இது எடுபடாது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

திரவத்தை நான் தூக்கிப் போடவில்லை. பக்கக் கண்ணாடிகளில் பூசுகிறேன். மழையைவிட மோசமானது அலைத் தெறிப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். பூசிய கண்ணாடியில் ஒரு மக் நல்ல தண்ணீரில் அது போய்விடுகிறது. “குடிக்கிற தண்ணிய கண்ணாடிக்கு ஊத்துறீங்களே அண்ணா” என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அக்ரிலிக் ஜன்னல் என்றால் ஆல்கஹால் கலந்த திரவத்தைத் தொடவே கூடாது, மயிரிழை வெடிப்பு விழும். பிளாஸ்டிக்குக்கென்று தனியாக விற்கிறார்கள். மச்சான் பூசியிருந்தது அதைத்தான்.

இன்னொன்று, மழை என்று நாம் திட்டுவதில் பாதி உள்ளே இருக்கிற ஆவி. ஆள் மூச்சும் சோறு வேகிற ஆவியும் உள்பக்கம் படிகின்றன. அதற்கு வெளியே எதைப் பூசி என்ன பயன்? சின்ன ஃபேன் ஒன்றைக் கண்ணாடியைப் பார்த்து வைத்தேன்.

பெரிய கப்பல்களில் சுழலும் வட்டக் கண்ணாடி இருக்கும். மோட்டார் சுற்றுகிற வேகத்தில் தண்ணீர் தெறித்துப் போகும். 1917-இல் கென்ட், டி நார்மன்வில் என்ற இருவர் காப்புரிமை வாங்கியது. முதலாளியிடம் கேட்டேன். அந்தக் காசுக்கு வலை வாங்கலாம் என்றார்.

கடைசியில் பயத்தை ஓரளவு இறக்கி வைத்தது எந்தப் பூச்சும் இல்லை. அந்த மோதல் தவிர்ப்பு விதிகளில் ஆறாவது, பாதுகாப்பான வேகம் எது என்று முடிவு செய்ய முதலில் பார்க்கச் சொல்வது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத்தான். அதைப் படித்த பிறகு, ஒரு மழை இரவில் எஞ்சினைக் குறைத்துவிட்டுப் பையன்களைக் கூப்பிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியல மக்கா, ஒருத்தன் முன்னால போய் நில்லு” என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மழைக்கோட்டுக்குத்தான் சண்டை நடந்தது. மெல்லப் போய்க் கரை சேரத் தாமதமானால் மீன் விலை குறைகிறது, முதலாளி முகம் சுளிக்கிறார். அவரிடம் வைப்பர் மோட்டார் சரியில்லை என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.