பௌர்ணமி இல்லாத திருவண்ணாமலை

திருவண்ணாமலை என்றாலே பலருக்குப் பௌர்ணமிதான். பஸ் பிடித்துப் போய், 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, விடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவோம். அந்தக் கூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், மலை தெரியாது.

ஒருமுறை சாதாரண வாரநாளில் போய் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். செங்கம் சாலையில் உள்ள ஸ்ரீ ரமணாசிரமத்தில் வெளியூர் பக்தர்களுக்கு எளிய அறைகள் உண்டு. வாடகை கிடையாது, விரும்பினால் நன்கொடை தரலாம். ஆனால், பையோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பாடு, தரையில் அமர்ந்து இலையில். பக்கத்து இலையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சாதம் பிசைந்துகொண்டிருக்கலாம்.

காலையில் ஆசிரமத்தின் பின்பக்கமிருந்து ஏறும் கல்பாதையில் ஸ்கந்தாசிரமத்துக்கு நடங்கள். அங்கிருந்து அண்ணாமலையார் கோயில், கோபுரங்களோடு முழுசாகக் கண்ணில் விழும்.

1896-ல், 16 வயதில் வீட்டைவிட்டு இங்கே வந்தவர் ரமணர். திரும்ப அழைத்துப் போக வந்த அம்மா அழகம்மாள் அழுதும் அவர் போகவில்லை. கடைசியில் 1916-ல் அம்மாவே மகனிடம் வந்துவிட்டார். மலையில் இருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922-ல் அவர் மறைந்தபோது அடிவாரத்தில் சமாதி எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஆசிரமம்.

நமக்கு அங்கே இலை போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோறு ஓர் அம்மா தொடங்கி வைத்தது.