இன்ப வாழ்வும் அன்றாடப் பழக்கமும்



மகிழ்ச்சியை விரும்பாத மனிதர் உலகில் இலர். ஆயினும் அது எங்கே இருக்கிறது என்று வினவினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டுவர். சம்பள நாள் வரட்டும் என்பார் ஒருவர். தீபாவளி வரட்டும் என்பார் மற்றொருவர். மகன் படித்துப் பட்டம் பெற்றுவிட்டால் அன்றுதான் எனக்கு மகிழ்ச்சி என்பார் வேறொருவர். சம்பள நாள் மாதத்திற்கு ஒன்று. தீபாவளி ஆண்டிற்கு ஒன்று. பட்டமோ வாழ்வில் ஒரு முறை. எஞ்சிய நாள்களில் நம் வீட்டில் என்ன நடக்கின்றது? அந்த எஞ்சிய நாள்களைப் பற்றியே இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

நான் பால்மரம் வெட்டிய தாயின் மகன். இன்று நம் தோட்டத்தைச் சுற்றிலும் செம்பனையே நிற்கின்றது. ஆதலால் நம் மாணவர்களுள் பலர் பால் வெட்டும் கத்தியைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன். பால் வெட்டுவோர் விடியுமுன் எழுவர். வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த பொழுதில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். கத்தியால் பட்டையை மெல்லச் சீவுவர். ஒரு வெட்டுக்கு நீங்கும் பட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் காயம் பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. அளவாகச் சீவினாலோ அதே மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் சிறிது சிறிதாக, நாள் தவறாமல் என்பதன் பொருளை அவருடைய கை அறிந்திருந்தது.

நல்ல பழக்கங்களை மேற்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் ஆழமாக வெட்டப் பார்க்கின்றனர். புத்தாண்டன்று பத்துத் தீர்மானங்கள். பொங்கலுக்குள் பத்தும் மறைந்துவிடுகின்றன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலை மட்டும், உணவுக்குப் பின் ஒரு பழம் உண்பது போன்ற ஒன்றை, நாள்தோறும் செய்து வந்தனர். அது தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாயின. சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். இஃது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. “நேற்று விட்டுப்போயிற்று, இனி எதற்கு?” என்று கேட்கும் மாணவர்கள் நம் பள்ளியில் குறைவில்லை. பெற்றோர்களிலும் குறைவில்லை என்றால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் இளமையில் எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் அனைவரும் குளித்து முடித்தபின் அஞ்சடியில் பாய் விரிப்பர். எவரேனும் ஒருவர் நாளிதழ் வாங்கி வந்திருப்பார். பெரும்பாலும் அது ‘தமிழ் நேசன்’. 1924இல் தொடங்கிய அவ்விதழ் 2019இல் நின்றுபோயிற்று. வாசிக்கத் தெரிந்த பெரியவர்களுக்குக் கண் மங்கிய காரணத்தால், பத்து வயதுச் சிறுவனாகிய என் கையில் அதைத் தருவர். நான் உரக்க வாசிப்பேன். பொருள் விளங்காத சொல் வந்தால் கிராணி வீட்டுத் தாத்தா விளக்குவார். பாதியில் சண்டையும் வரும், சிரிப்பும் வரும். வாசித்து முடித்ததும் என் தாயார், “இன்னிக்கி வாத்தியாரு என்னா சொல்லிக் குடுத்தாரு?” என்று தவறாமல் கேட்பார். நான் சொல்வதில் பாதி அவருக்குப் புரிந்திராது. ஆனால் கேட்பார் என்பதற்காகவே நான் வகுப்பில் கவனித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பின்னாளில் எனக்குக் கற்பித்த உளவியல் பாடங்களுள் பலவற்றை நான் மறந்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியை மறக்கவில்லை.

அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. மனிதன் நலமாகவும் மகிழ்வாகவும் வாழ எது துணை செய்கிறது என்பதை அறிய, தன் மாணவர்களுள் 268 பேரை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தது. பின்னர், பாஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 சிறுவர்களின் வாழ்க்கையும் அதனுடன் இணைக்கப்பட்டது. அவர்கள் முதியவர்களாகி, பலர் மறைந்தும் விட்டனர். ஆராய்ச்சி அவர்தம் பிள்ளைகளைக் கொண்டு தொடர்கிறது. பணமோ புகழோ அன்று, குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் கொண்ட நல்லுறவே மனிதரை மகிழ்வாகவும் உடல்நலத்தோடும் வைத்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் மிகுந்த நலத்தோடு இருந்தனர். இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைக் காட்டிலும் இந்த நிறைவே முதுமை நலத்தை நன்கு முன்னுணர்த்தியதாம். அஞ்சடியில் பாய் விரித்த எங்கள் லயத்தார் எவரும் இவ்வாராய்ச்சியைக் கேள்விப்பட்டதில்லை.

ஹார்வர்டு என்றதும் எனக்கு வேறொரு ஹார்வர்டு நினைவுக்கு வருகின்றது. நமக்கு வடக்கே, கெடா மாநிலத்தில், பீடோங் ஊருக்கு அருகில் ஹார்வர்டு தோட்டம் என்றே ஒன்று உண்டு. அங்கே பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் அங்கிருந்தவர்கள் பழக்கத்தைப் பற்றி நமக்கு ஒரு பெரும் பாடத்தை விட்டுச் சென்றிருக்கின்றனர்.

ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தபோது தோட்டங்களின் நிலையைச் சொல்லி முடியாது. சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரவர் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு எஞ்சியிருந்த ஆறுதல் கள்ளுக்கடை. அக்காலத்தில் தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு மாலையிலேயே அங்குப் போய்ச் சேரும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதை மனப்பாடமாக ஒப்புவிக்கத் தெரிந்தவர்களும் அந்த வரிசையில் நின்றனர் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறிவுரையால் மட்டும் குடி நிற்காது.

அவ்வேளையில் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் முன்னின்று தொண்டர் படையை அமைத்தார். கெடாவின் பல தோட்டங்களுக்கு அது பரவிற்று. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளை விட்டொழிக்க வேண்டும் என்று லயந்தோறும் பேசினர். கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி 28ஆம் நாள் பீடோங்கில் நிகழ்ந்த கள்ளெதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் காவலர்களுடன் மோதல் ஏற்பட்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர் அப்படை ஒடுக்கப்பட்டுவிட்டது. அதன் செயல்கள் அனைத்தும் சரி என்று நான் வாதிட வரவில்லை; அன்றைய அரசியல் வேறு, அதைப் பேசும் இடமும் வேறு. நான் கவனிப்பது ஒன்றையே. ஒருவன் தனியாகக் குடியை விட முயன்றால் மாலையில் தோழர்கள் வந்து அழைப்பர், அவன் போய்விடுவான். அத்தோழர்களே சேர்ந்து விட்டபோது அழைக்க ஆள் இல்லை. மாலை ஆறு மணிக்குக் கள்ளுக்கடைக்குப் பதிலாகப் போவதற்கு வேறோர் இடமும் இருந்தது.

சேமிப்பிலும் இதே கதைதான். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளைக்காரர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அரிசிக்கும் பருப்புக்கும் போக மிச்சம் பிடித்த பணம் அது. தனியொருவர் அதை உண்டியலில் போட்டிருந்தால் அடுத்த திருவிழாவில் உடைத்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுகிறார், எதிர்வீட்டு அக்காளும் கட்டுகிறார் என்றபோது விட்டுவிட மனம் வரவில்லை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 50 காசு மிச்சப்படுத்தினால் 190 பள்ளி நாள்களில் 95 வெள்ளி சேரும். உறைந்த தேநீரையும் வண்ண மிட்டாயையும் முற்றாக விடச் சொல்லவில்லை. பாதியை விட்டாலே போதும்.

இனி, என்னை உண்மையாகவே வருத்தும் செய்திக்கு வருகிறேன். கள்ளுக்கடை போயிற்று, அதன் இடத்தில் வேறொன்று வீட்டிற்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. காலை முதல் பாடவேளையில் மேசைமீது தலை சாய்த்து உறங்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் என்னிடம் அழைத்து வருகின்றனர். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். “எத்தனை மணிக்கு உறங்கினாய்?” என்று கேட்டால், “பன்னிரண்டு இருக்கும், ஐயா” என்று ஏழு வயதுக் குழந்தை சொல்கிறது. கைப்பேசியில் படம் பார்த்ததாம். தந்தையும் தாயும் அதே அறையில் தத்தம் கைப்பேசியோடு இருந்தனராம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவர் கழகம் 2016இல் அறிவித்தது. நம் பிள்ளைகள் காலை 5.30க்கு எழுகின்றனர். ஆகவே மிகக் குறைந்த கணக்கிலும் இரவு 8.30க்கு அவர்கள் படுத்தாக வேண்டும். உறங்காத பிள்ளைக்கு எரிச்சல் வருகிறது, கணக்கு வரவில்லை, கணக்கு வராததால் அடி விழுகிறது, அடி விழுந்ததால் பள்ளி பிடிக்கவில்லை. மகிழ்ச்சியற்ற குழந்தை என்று நாம் சொல்வது பல நேரங்களில் உறக்கமற்ற குழந்தையைத்தான்.

கடந்த தவணையில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துச் சென்றோம். விடியற்காலையில் பட்டர்வொர்த்தில் படகேறிக் கடலைக் கடந்தோம். அந்தக் கால் மணி நேரப் பயணமே தமக்கு முதற்பரிசு என்று பலர் கட்டுரையில் எழுதியிருந்தனர். தண்ணீர்மலைக்குச் சென்று, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி முருகனை வணங்கினோம். படி ஏறுவதில் ஆசிரியர்களே பின்தங்கினர். பின்பு, அருகிலுள்ள தாவரவியல் பூங்காவிற்கு நடந்தோம். 1884இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவில் எழுபது வயதைக் கடந்த சீனத் தாத்தாக்களும் பாட்டிகளும் குழுக் குழுவாக நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு குழுவினரிடம் எம் மாணவி ஒருத்தி மலாய் மொழியில் பேச்சுக் கொடுத்தாள். இருபது ஆண்டுகளாக அதே இடத்திற்கு வருவதாக அவர்கள் சொன்னார்களாம். “சலிப்பு வராதா?” என்று கேட்டாளாம். “வராவிட்டால் இவர்கள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டிவிடுவார்கள்” என்று ஒரு பாட்டி தம் தோழிகளைக் காட்டிச் சிரித்தாராம். பயிற்சி முடிந்ததும் அனைவரும் ஒன்றாகப் பசியாறப் போயினர். இலண்டன் ஆய்வும் பாஸ்டன் ஆராய்ச்சியும் அந்தப் பாட்டியின் சிரிப்பில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

திரும்பி வந்தபின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினோம். “வீட்டில் கைப்பேசியை வைத்துவிடு என்றால் பிள்ளை கேட்பதில்லை, ஐயா. பக்கத்து வீட்டில் பார்க்கிறார்களே என்று அழுகிறான்” என்று ஒரு தாய் சொன்னார். நியாயமான பேச்சு. ஒரு வீடு மட்டும் செய்தால் நடவாது. ஆகவே பள்ளியை அண்டியுள்ள லயங்களில் இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாட்டிற்கு உடன்பட்டுள்ளன. இரவு 7.30 முதல் பிள்ளைகள் உறங்கும்வரை வீட்டில் எவரும் கைப்பேசியைத் தொடுவதில்லை. அவசர அழைப்பு வந்தால் மட்டும் எடுக்கலாம். அந்நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து உண்பது, அன்று பள்ளியில் நடந்ததைக் கேட்பது, ஒரு பக்கமேனும் வாசிக்கச் சொல்வது. இம்மூன்றுக்கு மேல் எதையும் கேட்கவில்லை. தொடங்கி நாற்பது நாள்கள் ஆகின்றன. இடையில் உதைபந்துப் போட்டி வந்தபோது மூன்று வீடுகள் தவறின. மறுநாள் மீண்டும் சேர்ந்துகொண்டன. முதல் பாடவேளையில் உறங்குவோர் குறைந்திருக்கின்றனரா என்பதை வகுப்பாசிரியர்கள் குறித்து வருகின்றனர்.

இதனோடு, பள்ளி நூலகத்தை வாரம் ஒரு மாலை பெற்றோர்களுக்கும் திறந்துவைக்க முடிவு செய்துள்ளோம். வெள்ளிக்கிழமை கோயிற்பூசை இருப்பதால் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மாலை 6.30 முதல் 7.30 வரை நூலகம் திறந்திருக்கும். நாளிதழ்களும் சிறுவர் கதை நூல்களும் உண்டு. வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஆறாம் ஆண்டு மாணவர்கள் உரக்க வாசிப்பர். கண்ணாடி வைத்திருப்போர் கொண்டு வருக. சிறு குழந்தைகளையும் அழைத்து வரலாம். தரையில் பாய் விரித்திருப்போம்.